எண்ணாக வரும் சீர்

பாலக்காடு மாவட்டத்தின் முதலமடைப் பகுதியில், மாந்தோப்புகள் சூழ அமைந்தது கோவிந்தாபுரம். தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லையூர். சாவடியைத் தாண்டினால் பொள்ளாச்சி வட்டாரம். இத்தகைய ஊர்களில் உறவுகள் இரு மாநிலங்களிலும் பரவியிருப்பது இயல்பு. மருமகளின் விழாவுக்குத் தட்டெடுத்துச் சீர் கொண்டுவரும் தாய்மாமன், நேரில் வர இயலாதபோது இணையக் கடையின் பரிசு அட்டையை அவளது கைப்பேசிக்கு அனுப்பிவிடும் காலம் இது.

சீர்த்தட்டு கண்ணுக்குத் தெரியும். பரிசு அட்டையோ வெறும் எண்ணாக வந்து சேர்கிறது. அந்த எண் எவ்வாறு பணமாகிறது என்பதை நாம் அறிந்திருப்பது நலம்.

எண் பணமாகும் விதம்

பணம் செலுத்தியவுடன் அட்டைக்கு ஒரு நீண்ட எண்ணும், பெரும்பாலும் ஓர் இரகசிய எண்ணும் வழங்கப்படுகின்றன. பரிசு பெற்றவர் அவற்றைத் தமது இணையக் கடைக் கணக்கில் பதிவு செய்ததும், தொகையும் செல்லுபடிக் காலமும் சரிபார்க்கப்பட்டு, பணம் அக்கணக்கின் இருப்பில் சேர்கிறது. பொருளின் விலை கூடுதலாக இருந்தால், மீதியைப் பொதுவாக யுபிஐ வழியாகவோ டெபிட் அட்டை வழியாகவோ செலுத்தலாம். பொருளைத் திருப்பி அனுப்பினால், அட்டையால் செலுத்திய பங்கு மீண்டும் அட்டை இருப்புக்கே வரும்; வங்கிக் கணக்குக்கு வராது.

இருவகை அட்டைகள்

ஒரு நிறுவனம் தன் பொருள்களை வாங்குவதற்கென்று மட்டும் தானே வெளியிடும் அட்டை ஒரு வகை. இதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. ஆகவே அந்நிறுவனம் வகுத்த விதிகளையே நாம் படித்தறிய வேண்டும். வங்கிகளும், ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்களும் வெளியிடுபவை மற்றொரு வகை. 2021 ஆகஸ்ட் 27 அன்று வெளியான ரிசர்வ் வங்கியின் முதன்மை நெறிமுறைகளின்படி, இவ்வகைப் பரிசு அட்டையின் மதிப்பு 10,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. அதில் மீண்டும் பணம் நிரப்பவோ, அதிலிருந்து ரொக்கம் எடுக்கவோ, பிறர் கணக்குக்கு மாற்றவோ இயலாது. அது குறைந்தது ஓராண்டு செல்லுபடியாகும். காலாவதிக்கு முந்தைய 45 நாள்களில் வெளியிட்டவர் நமக்கு நினைவூட்ட வேண்டும். நாம் கோரினால் அட்டையைப் புதுப்பித்தும் தர வேண்டும்.

கடையின் பெயர் பெரிதாக அச்சாகியிருந்தாலும், அட்டையை வெளியிட்டவர் வேறொரு நிறுவனமாக இருக்கலாம். வாங்கும்போதே அப்பெயரைக் குறித்துக்கொண்டால், பின்னர் முறையிட வேண்டிய இடம் தெளிவாக இருக்கும்.

எண்ணைக் காப்போம்

எண்ணை அறிந்தவரே அட்டைக்கு உரியவர் போல் ஆகிவிடுவதால்தான் மோசடிக்காரர்கள் பரிசு அட்டைகளை நாடுகின்றனர். மேலதிகாரியின் புகைப்படத்துடன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: "கூட்டத்தில் இருக்கிறேன், உடனே சில பரிசு அட்டைகள் வாங்கி எண்களை அனுப்புங்கள்." அனுப்பிய சில நிமிடங்களில் தொகை செலவாகிவிடும். இத்தகைய செய்தி வந்தால், நமக்கு முன்பே தெரிந்த எண்ணில் அவரை அழைத்துக் கேட்டுவிடுவோம். அபராதத்தையோ வரியையோ பரிசு அட்டையாகக் கேட்பவர் எவராயினும் அவர் அரசு அலுவலர் அல்லர்.

ஏமாந்துவிட்டால் தயங்க வேண்டாம். அட்டையை வெளியிட்ட நிறுவனத்திடம் உடனே தெரிவித்து, மீதித் தொகையை முடக்கக் கோரலாம். 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணிலும் புகார் அளிக்கலாம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் சென்றிருந்தால் கிளைக்கும் தகவல் தாருங்கள். ரசீதும் எண்ணின் நகலும் அப்போது பெரிதும் உதவும்.

சீர் அனுப்பும் தாய்மாமன் ஒரு தொலைபேசி அழைப்பையும் சேர்த்துக்கொள்வது நன்று: "அட்டை வந்ததா, கணக்கில் சேர்த்துவிட்டாயா?" அன்பும் சேரும், பணமும் உரிய கைக்குச் சேரும்.