எக்ஸ்எம்எல் தரவுப் பிணைப்பு

எக்ஸ்எம்எல் தரவுப் பிணைப்பு என்பது ஓர் எக்ஸ்எம்எல் ஆவணத்தில் உள்ள தரவுகளை, நிரலினுள் ஒன்றினுள் ஒன்றாக அமைந்த பொருட்களாக மாற்றுவதையும், அப்பொருட்களை மீண்டும் ஆவணமாக எழுதுவதையும் குறிக்கும். இது பொருள் நோக்கு நிரலாக்கத்தில் பயன்படும் ஒரு நுட்பம் ஆகும்.

தேவை

எக்ஸ்எம்எல் 1.0 சீர்தரம் 1998 ஆம் ஆண்டு வெளியானது. எக்ஸ்எம்எல் ஆவணம் மர அமைப்பை உடையது. டாம் எனப்படும் முறையில் நிரலர் அம்மரத்தின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தேடி, உள்ளிருக்கும் எழுத்துகளைத் தாமே எண்ணாகவோ தேதியாகவோ மாற்ற வேண்டும். தரவுப் பிணைப்பில் இப்பணியை ஒரு நிரலகம் செய்துவிடுகின்றது.

எடுத்துக்காட்டு

எக்ஸ்எம்எல் ஒருங்குறியை அடிப்படையாகக் கொண்டதால் உறுப்புகளுக்குத் தமிழிலும் பெயரிடலாம்.

<மாணவர் எண்="12">
  <பெயர்>கயல்விழி</பெயர்>
  <பாடம்>
    <தலைப்பு>கணிதம்</தலைப்பு>
    <மதிப்பெண்>78</மதிப்பெண்>
  </பாடம்>
  <பாடம்>
    <தலைப்பு>வரலாறு</தலைப்பு>
  </பாடம்>
</மாணவர்>

இதற்கு மாணவர், பாடம் என இரு வகுப்புகள் போதுமானவை. பொதுவாகப் பின்பற்றப்படும் விதிகள் பின்வருமாறு:

* உள்ளுறுப்புகளைக் கொண்ட உறுப்பு ஒரு பொருளாக மாறும்.
* எழுத்துகளை மட்டும் கொண்ட உறுப்பும், "எண்" போன்ற பண்பும் அப்பொருளின் புலங்களாகும்.
* திரும்பத் திரும்ப வரும் உறுப்பு ஒரு பட்டியலாகும். மேலே மாணவர் பொருளினுள் இரண்டு பாடப் பொருட்களைக் கொண்ட பட்டியல் அமையும்.

கருவிகள்

ஜாவா மொழிக்கான ஜாக்ஸ்பி 1.0 பதிப்பு 2003 இல் வெளிவந்தது. இது ஆவணத்தின் அமைப்பை வரையறுக்கும் ஸ்கீமாவிலிருந்து வகுப்புகளை உருவாக்கித் தந்தது. 2006 இல் வெளிவந்த 2.0 பதிப்பில், நிரலர் எழுதிய வகுப்பிலேயே குறிப்புகளை இட்டுப் பிணைக்கும் வசதி சேர்க்கப்பட்டது. ஜாவா 6 உடன் இணைக்கப்பட்ட இக்கருவி, 2018 இல் ஜாவா 11 இலிருந்து நீக்கப்பட்டது. தற்போது இது ஜகார்த்தா திட்டத்தின் கீழ்த் தனி நிரலகமாகக் கிடைக்கின்றது. மைக்ரோசாப்டின் டாட்நெட் தளத்தில் எக்ஸ்எம்எல் சீரியலைசர் என்னும் வகுப்பு இதே பணியைச் செய்கின்றது.

பொருந்தா இடங்கள்

மரமும் பொருட்களும் எல்லா இடங்களிலும் ஒத்துப்போவதில்லை. பிழைச்செய்தி ஏதுமின்றியே தரவு மாறிவிடக்கூடிய இடங்கள் உள்ளன.

* இல்லாத உறுப்பு: மேலுள்ள ஆவணத்தில் வரலாற்றுக்கு மதிப்பெண் இல்லை. புலம் சாதாரண முழு எண் வகையாக இருந்தால் அதன் மதிப்பு 0 ஆகவே இருக்கும். தேர்வு எழுதாதவரும் சுழியம் பெற்றவரும் ஒன்றாகிவிடுவர். வெறுமையை ஏற்கும் வகையைப் பயன்படுத்துவது இதற்குத் தீர்வாகும்.
* அறியாத உறுப்பு: வகுப்பில் இடமில்லாத உறுப்புகளை ஜாக்ஸ்பி 2.0, எக்ஸ்எம்எல் சீரியலைசர் ஆகிய இரண்டும் இயல்பாகப் புறக்கணிக்கும். பொருளை மீண்டும் எழுதும்போது அவ்வுறுப்புகள் ஆவணத்திலிருந்து மறைந்துவிடும்.
* பகிரப்படும் பொருள்: இரு பாடங்கள் ஒரே ஆசிரியர் பொருளைச் சுட்டினால், ஆவணத்தில் அது இருமுறை எழுதப்படும். திரும்பப் படிக்கும்போது இரண்டு தனிப் பொருட்கள் உருவாகும். பின்னர் ஒன்றில் செய்யும் திருத்தம் மற்றதில் தோன்றாது. அடையாள எண் கொடுத்து அதைச் சுட்டுவது வழக்கமான தீர்வாகும்.
* சுழற்சி: ஆசிரியர் பாடத்தையும், பாடம் ஆசிரியரையும் சுட்டினால் உட்பொதிவு முடிவுறாது. இந்நிலையில் இவ்விரு கருவிகளும் பிழையைத் தெரிவித்து நின்றுவிடும்.

ஓர் ஆவணத்தைப் படித்து, எம்மாற்றமும் செய்யாமல் மீண்டும் எழுதி, மூல ஆவணத்துடன் ஒப்பிடுவதன் மூலம் புறக்கணிக்கப்பட்ட உறுப்புகளையும் 0 ஆக மாறிய மதிப்புகளையும் கண்டறியலாம்.

வரம்புகள்

பத்திகளின் இடையே குறிகள் கலந்து வரும் கட்டுரை போன்ற ஆவணங்களுக்கு இந்நுட்பம் அவ்வளவாகப் பொருந்துவதில்லை. மிகப் பெரிய ஆவணத்தை முழுவதும் பொருட்களாக மாற்றினால் நினைவகம் போதாமல் போகலாம். அத்தகைய ஆவணங்களைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகப் படித்துச் செல்லும் சாக்ஸ் போன்ற முறைகள் பயன்படுத்தப்படுகின்றன.