கையெழுத்து யாருடையதோ, பொறுப்பும் அவருடையதே

குழுக் கூட்டங்களில் இப்போது ஒரு பேச்சு அடிக்கடி வருகிறது. "அடுத்த பஞ்சாயத்துத் தேர்தல்ல நம்ம குழுவுல இருந்து ஒருத்தர் நிக்கணும்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். உடனே இன்னொருவர், "நின்னுடலாம்க்கா, நாளைக்குக் கேஸு கோர்ட்டுன்னு வந்தா யாரு அலையுறது?" என்று கேட்பார். அதோடு பேச்சு நின்றுவிடும்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேஸ் எதனால் வருகிறது, எதற்கு வராது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று தமிழ்நாட்டில் 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்தது. தேர்தலில் நிற்க நினைக்கிற சகோதரிகளுக்காகவும், அவர்களுக்கு ஓட்டுப் போடப்போகிற நமக்காகவும் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு விஷயம். ஊராட்சித் தலைவி அரசு வேலையில் இருப்பவர் இல்லை. இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அவர் 'பொது ஊழியர்'. 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் தாசில்தாருக்கு எப்படிப் பொருந்துமோ, அப்படியே ஊராட்சித் தலைவிக்கும் பொருந்தும். லஞ்சம் வாங்கியது நிரூபணமானால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. 2018-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு லஞ்சம் கொடுப்பவருக்கும் தண்டனை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால், கொடுத்தவர் 7 நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறையிலோ காவல் நிலையத்திலோ சொல்லிவிட வேண்டும். "வீட்டு வரி ரசீதுக்கு ஏதோ செலவுக்குக் கொடுத்தேன்" என்று சாதாரணமாகச் சொல்கிறோமே, அதுவும் இதில் சேர்ந்ததுதான்.

"எல்லாம் எங்க வீட்டுக்காரர் பாத்துக்குவாரு"

இந்த வார்த்தையை நாங்கள் கேட்காத ஊர் இல்லை. மனைவி பெயரில் பதவி, நாற்காலியில் கணவர், அல்லது மகன், அல்லது கொழுந்தனார். சில ஊர்களில் பேனரிலேயே 'தலைவர்' என்று கணவர் படம்தான் பெரிதாக இருக்கும்! இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. நாடு முழுக்க இருக்கிறது என்பதால்தான் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2023-ல் இதை ஆராய ஒரு குழுவே அமைத்தது.

தலைவியின் கணவர் என்று ஒரு பதவி எந்தச் சட்டத்திலும் கிடையாது. தணிக்கைக்காரர் கேள்வி கேட்டால், கலெக்டர் நோட்டீஸ் அனுப்பினால், போலீஸ் வழக்குப் போட்டால், முதலில் தேடுவது கையெழுத்துப் போட்டவரைத்தான். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, போடச் சொன்னாங்க போட்டேன்" என்ற பதில் அங்கே பெரிதாக உதவாது. கூடச் சேர்ந்து தப்புச் செய்த கணவர் மீதும் வழக்கு வரலாம். அதனால் மனைவியின் பொறுப்பு குறைந்துவிடாது.

நம் குழுக் கணக்கை நினைத்துப் பாருங்கள். பாங்கில் ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் வரும். தீர்மான நோட்டில் எழுதாமல் எடுத்தால் கூட்டத்தில் நாம் சும்மா விடுவோமா? ஊராட்சியிலும் அதே முறைதான். கிராம ஊராட்சிக் கணக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்தே செக்கில் கையெழுத்துப் போட வேண்டும். இதில் இரண்டு விதமான தொல்லை உண்டு. தலைவியை மடக்க நினைக்கிற துணைத் தலைவர் மாதக்கணக்கில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிப்பார். மோட்டார் ரிப்பேர் நிற்கும், தண்ணீர் வராது, ஊர் தலைவியைத் திட்டும். அப்படி நடந்தால் வாய்ச்சண்டை போட்டுப் பயனில்லை. எந்தத் தேதியில் எந்தச் செக்குக்குக் கையெழுத்துக் கேட்டோம், என்ன பதில் வந்தது என்று எழுதி பி.டி.ஓ.வுக்கும் கலெக்டருக்கும் மனு கொடுக்க வேண்டும். இரண்டாவது தொல்லை இதற்கு நேர்மாறானது. இரண்டு பேரும் வெற்றுச் செக்கில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கிளார்க்கிடம் கொடுத்துவிடுவது. முதலாவதைவிட இது ஆபத்தானது என்பது எங்கள் கருத்து.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. மத்திய நிதிக்குழு மானியத்தை இணையம் வழியாகத்தான் செலவு செய்கிறார்கள். அதற்கு டிஜிட்டல் கையெழுத்துக் கருவி தருகிறார்கள். பார்ப்பதற்குப் பென் டிரைவ் மாதிரி சின்னதாக இருக்கும், ஒரு ரகசிய எண்ணும் உண்டு. 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அந்தக் கையெழுத்துக்கும் நாம் பேனாவால் போடும் கையெழுத்துக்கும் ஒரே மதிப்பு. கருவியையும் ரகசிய எண்ணையும் இன்னொருவரிடம் கொடுத்து வைப்பது, வெற்றுச் செக் புத்தகம் முழுக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம். நமக்குத் தெரியாமல் ஒருவர் மோசடியாக அதைப் பயன்படுத்தினால் அது குற்றம். அவருக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் நாமே தூக்கிக் கொடுத்திருந்தால் "எனக்குத் தெரியாமல்" என்று எப்படிச் சொல்வது? ஏ.டி.எம். கார்டை முந்தானையில் முடிந்து வைக்கிறோம். இதையும் அப்படித்தான் வைக்க வேண்டும்.

பில் விஷயத்தில் ஒரு வார்த்தை. வேலை முடிந்து, ஓவர்சியர் அளந்து, எம்-புக்கில் எழுதிய பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும். சிமெண்ட் ரோடு 100 மீட்டர் என்று பில் இருந்தால் ஒரு தடவை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள். பள்ளிக்கூடம் போகாதவருக்கும் கண் இருக்கிறது. ஊராட்சிக்கு நஷ்டம் என்று தணிக்கையில் வந்தால், பொறுப்பானவரிடமே அந்தப் பணத்தை வசூலிக்க வழி இருக்கிறது. தலைவியோ உறுப்பினரோ தானே ஊராட்சி வேலையைக் காண்டிராக்ட் எடுத்துச் செய்யவும் கூடாது. ஊராட்சியோடு நடப்பில் இருக்கும் ஒப்பந்தத்தில் பங்கு இருந்தால் பதவியில் இருக்கும் தகுதியே போய்விடும்.

நோட்டீஸ் வந்தால் பதவி போச்சா?

இல்லை. இதைத்தான் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். "கலெக்டர் நோட்டீஸ் வந்துடுச்சு, ராஜினாமா பண்ணிட்டா மானம் மிஞ்சும்" என்று பயமுறுத்தி எழுதி வாங்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 205-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஊராட்சித் தலைவரை நீக்குவது பற்றியது. உறுப்பினர்கள் எழுத்தில் புகார் கொடுத்தாலோ, கலெக்டர் தானாகவோ இந்த நடவடிக்கையை ஆரம்பிக்கலாம். ஆனால் தலைவர் சட்டத்தை வேண்டுமென்றே மீறினார் அல்லது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று இருக்க வேண்டும். வேண்டுமென்றே என்ற சொல் முக்கியம். தெரியாமல் ஏற்பட்ட தாமதமும் வேண்டுமென்றே செய்த தப்பும் ஒன்றல்ல. அப்படி ஆரம்பித்தாலும் முதலில் விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் சரியில்லை என்று கலெக்டர் நினைத்தால், தாசில்தார் ஊராட்சிக் கூட்டத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டு எழுதி அனுப்ப வேண்டும். அதையும் பார்த்த பிறகே கலெக்டர் முடிவு செய்ய முடியும். இதில் ஒரு படியைத் தாண்டிவிட்டுப் போட்ட உத்தரவு என்றால் ஐகோர்ட்டில் கேள்வி கேட்கலாம்.

காகிதம் எப்படி ஒரு பெண்ணைக் காப்பாற்றியது என்பதற்குச் சத்தீஸ்கர் மாநிலத்தில் நடந்ததைச் சொல்லலாம். ஜஷ்பூர் மாவட்டம் சாஜ்பஹார் ஊராட்சியில் 2020-ல் சோனம் லக்ரா என்ற இளம்பெண் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஊராட்சியில் சில கட்டுமான வேலைகளை 3 மாதத்தில் முடிக்கச் சொல்லி 2022 டிசம்பர் தேதியிட்டு ஒரு கடிதம் எழுதப்பட்டது. அது அவர் கைக்கு வந்ததே 2023 மார்ச் மாதத்தில்! அதற்குள் அந்த 3 மாதமும் முடிந்துவிட்டது. ஜூன் மாதத்தில் வேலையை முடித்தும் கொடுத்தார். ஆனாலும் தாமதம் செய்தார் என்று நோட்டீஸ், விளக்கம், விசாரணை என இழுத்து 2024 ஜனவரியில் பதவியை விட்டு நீக்கினார்கள். ஐகோர்ட்டிலும் நிவாரணம் கிடைக்கவில்லை. அவர் விடவில்லை, சுப்ரீம் கோர்ட் வரை போனார்.

2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அவரை மீண்டும் பதவியில் அமர்த்தியது. அவருக்கு ஏற்பட்ட அலைக்கழிப்புக்காக மாநில அரசு 1 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும், தவறு செய்த அதிகாரிகளிடமிருந்து அதை அரசு வசூலித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. கட்டுமானம் என்றால் இன்ஜினியர், சாமான், மழை வெயில் எல்லாம் இருக்கிறது, எல்லாத் தாமதத்துக்கும் தலைவியே பொறுப்பு என்று எப்படிச் சொல்வது என்பதுதான் நீதிபதிகளின் கேள்வி.

இதில் நாம் பார்க்க வேண்டியது தேதியை. கடிதத்தில் போட்ட தேதி ஒன்று, கைக்கு வந்த தேதி வேறு. அதனால் எந்தக் கடிதம் வந்தாலும் வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வையுங்கள். அனுப்பிய பதிலுக்கும் நகல் வேண்டும். தபாலில் போட்டால் ஒப்புகை அட்டையோடு போடுங்கள், நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள். நோட்டீஸில் சொன்ன நாளுக்குள் எழுத்தில் பதில் போக வேண்டும். தலைவி பதில் சொல்லாமல் இருந்தால், சொல்வதற்கு எதுவுமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

தீர்மானப் புத்தகத்துக்கும் இதே கதைதான். கூட்டம் முடிந்ததும் அங்கேயே எழுதி, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அதன் கீழே கையெழுத்து. "அப்புறம் எழுதிக்கலாம்மா, இப்போ கையெழுத்து மட்டும் போடுங்க" என்று யார் சொன்னாலும் கூடாது. ஒரு தீர்மானம் பிடிக்காத வார்டு உறுப்பினர், எதிர்க்கிறேன் என்று அதிலேயே எழுதச் சொல்ல வேண்டும். பின்னால் விசாரணை வந்தால் அவருக்குத் துணை அந்த ஒரு வரிதான்.

பட்டியல் இனத்துச் சகோதரிகள் தலைவியாக வரும்போது வேறு மாதிரியான தொல்லையும் வருகிறது. நாற்காலி தராதது, கொடியேற்ற விடாதது, சாவியைத் தராதது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவி கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியாகி, வழக்குப் பதிவானது. பட்டியல் இனத்தவரோ பழங்குடியினரோ ஊராட்சிப் பதவியில் இருந்தால், அவர்களை மிரட்டுவதும் வேலை செய்ய விடாமல் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. உறுப்பினர்கள் நடப்பது எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால், தலைவி தனியாகப் போய்ப் புகார் கொடுப்பது கஷ்டம். குழுவாகக் கூடப் போகலாமே.

பதவியில் இல்லாத நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டம் என்பது 2022 முதல் நம் மாநில ஏற்பாடு. அங்கே வரவு செலவை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். வாசிக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம், சான்று இணைத்தால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். நேர்மையான தலைவிக்கு இந்தக் கேள்விகள் தொந்தரவு இல்லை. ஊரே கணக்குக் கேட்கிறது என்றால், தப்பான பில்லை நீட்டுகிறவரிடம் "சபையில கேட்பாங்கய்யா, என்னால முடியாது" என்று அவர் தைரியமாகச் சொல்லலாம்.

கடைசியாக வக்கீல் செலவு. நோட்டீஸ் வந்ததும் நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள் எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட் வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்தும் கேட்கலாம். போகும்போது நோட்டீஸ், அது கைக்கு வந்த தேதி, தீர்மான நகல் மூன்றையும் எடுத்துப் போங்கள்.