டேப்பை ரூட் செய்தால் வாரன்டி போய்விடுமா?

கருங்குழிக் கடைத்தெருவில் வாங்கியிருந்தாலும் சரி, ஆன்லைனில் வரவழைத்திருந்தாலும் சரி, டேப்லட் பழுதானால் கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தேடி மதுராந்தகத்துக்கோ செங்கல்பட்டுக்கோதான் பஸ் ஏற வேண்டும். கவுண்டரில் இருப்பவர் ஆன் செய்து பார்த்துவிட்டு, "ரூட் பண்ணியிருக்கீங்க சார், வாரன்டி கிடையாது" என்று கையில் திருப்பிக் கொடுத்தால் என்ன செய்வது? சார்ஜ் ஏறாததற்கும் ரூட் செய்ததற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். ஆனால் ரூட் செய்வதற்கு முன்பே சிலவற்றைத் தெரிந்து வைத்திருந்தால்தான் அந்தக் கேள்விக்கு வலு இருக்கும்.

ஆண்ட்ராய்டில் சிஸ்டம் பகுதியைத் தொடும் அதிகாரத்தைக் கம்பெனி நமக்குத் தருவதில்லை. டேப்பை ஆன் செய்ததும் ஆண்ட்ராய்டைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறந்து அந்த அதிகாரத்தை நாமே எடுத்துக்கொள்வதுதான் ரூட். கம்பெனி திணித்த ஆப்களை ஒழிக்க வேண்டும், அப்டேட் நின்றுபோன பழைய டேப்புக்குப் புது ஆண்ட்ராய்டு ஏற்ற வேண்டும் என்பவை வழக்கமான காரணங்கள்.

இது குற்றமா?

நம் சொந்த டேப்பை நம் உபயோகத்துக்காக ரூட் செய்வதே குற்றம் என்று சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைப்பவரைத்தான் தண்டிக்கிறது. அமெரிக்காவில் ரூட் செய்வதற்கே பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து தனி விலக்கு தேவைப்பட்டது. போன்களுக்கு அது 2010இல் கிடைத்தது. டேப்லட்டுகளுக்கு 2012இல் மறுத்துவிட்டு, 2015இல்தான் கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடமோ அலுவலகமோ அரசோ கொடுத்த டேப் என்றால் கதை வேறு. அது உங்கள் சொத்து அல்ல. உரிமையாளர் அனுமதி இல்லாமல் கை வைத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு பாயலாம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பழையபடி மாற்றிவிட்டுக் கொடுத்தால் தெரியாது என்று சிலர் நினைக்கிறார்கள். சாம்சங் 2013 முதல் தன் நாக்ஸ் பாதுகாப்பு உள்ள கருவிகளில் ஒரு மின் ஃபியூஸை வைத்திருக்கிறது. கம்பெனியுடையது அல்லாத மென்பொருளை ஏற்றினால் அது ஒரேயடியாக எரிந்துவிடும். மென்பொருள் ஏற்றுவதற்கான டவுன்லோட் மோடில் போட்டால் மூலையில் பொடி எழுத்தில் வரும் வாரன்டி வரியில் 0 இருந்த இடத்தில் 1 நிற்கும். எந்த மென்பொருளை ஃப்ளாஷ் செய்தாலும் (ஏற்றினாலும்) அது திரும்பவும் 0 ஆகாது. வேறு பல கம்பெனிகளின் டேப்களில் பூட்லோடர் திறந்திருந்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் எச்சரிக்கைத் திரை வரும்.

சட்டம் யார் பக்கம்?

வாரன்டி என்பது கம்பெனிக்கும் நமக்கும் உள்ள ஒப்பந்தம். மென்பொருளை மாற்றினால் வாரன்டி செல்லாது என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் அதை வைத்துத்தான் அவர்கள் பேசுவார்கள். நாம் பிடிக்க வேண்டிய இடம், பழுதுக்குக் காரணம் எது என்பது. ஃப்ளாஷ் செய்யும்போது பாதியில் நின்று டேப் செத்துப்போனால் பழி நம்முடையது. திரையில் தானாகக் கோடு விழுவதும் சார்ஜிங் போர்ட் தளர்வதும் அப்படி அல்ல. தயாரிப்பிலேயே இருந்த குறை என்று வாதாட இடம் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்ய முடியாத குறையென்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆய்வுக் கட்டணத்தை மட்டும் புகார்தாரர் கட்ட வேண்டியிருக்கும்.

அதே சட்டத்தில் நமக்கு எதிரான பிரிவும் இருக்கிறது. பேட்டரி வெடித்துக் கையில் காயம் என்று விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்குப் போட்டால், பாதிப்பு நேர்ந்தபோது பொருள் மாற்றப்பட்டிருந்தது என்று காட்டி 87ஆம் பிரிவின்படி அவர் தப்பிக்கலாம்.

வாரன்டியை விடப் பெரிய ஆபத்து

பூட்லோடரைத் திறந்த உடனே டேப்பில் உள்ள படம், பாடம் எல்லாம் அழிந்துவிடும். பல வங்கி ஆப்கள் ரூட் செய்த கருவியில் திறக்காது. அவற்றை ஏமாற்றித் திறக்கவைக்கும் வித்தைகள் உண்டு; ஆனால் ரூட் அதிகாரம் ஒரு கெட்ட ஆப்பின் கைக்குப் போனால் கணக்கே காலியாகலாம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் அலட்சியத்தால் போன பணத்துக்கு, வங்கிக்குத் தெரிவிக்கும்வரை பொறுப்பு அவருடையதே. பணம் போனது தெரிந்ததும் வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் சொல்லிவிடுங்கள்.

செய்ய வேண்டியவை

• வாரன்டி காலம் முடியும்வரை ரூட் வேண்டாம். வேண்டாத ஆப்களை செட்டிங்ஸில் டிசேபிள் செய்தாலே பாதித் தொல்லை தீரும்.

• கடைக்காரர் ரூட் செய்து தருகிறேன் என்றால் வேலையை பில்லில் எழுதி வாங்குங்கள். கெட்டுப்போனால் அவரைக் கேட்க அதுதான் ஆதாரம்.

• பழுதை வீடியோ எடுத்த பிறகே சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். மறுத்தால், எந்தப் பழுது, என்ன காரணம் என்று ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ச்சொல் ஆணையத்தில் நிற்காது.

• கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பியும் பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

• அதற்கும் மசியவில்லை என்றால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் பதியலாம்.

• வாரன்டி நிபந்தனையே அநியாயமானது, அதை ரத்து செய்ய வேண்டும் என்றால் மாவட்ட ஆணையம் அல்ல, சென்னையில் உள்ள மாநில ஆணையம்தான் விசாரிக்கும். டேப்பைச் சரிசெய்து வாங்குவதுதான் நோக்கம் என்றால், பொருளில் குறை, சேவையில் குறைபாடு என்றே மனுவை எழுதுங்கள்.

வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். ரூட் செய்ததை மனுவில் மறைக்காதீர்கள். ஆய்வகத்தில் எப்படியும் தெரிந்துவிடும். "ரூட் செய்தேன், ஆனால் இந்தப் பழுது அதனால் வந்ததல்ல" என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டால், இல்லை என்று கம்பெனி காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும்.