நாரும் ஒரு கூட்டாளி

1993 செப்டம்பரில் ஜப்பானின் புகழ்பெற்ற தொலைக்காட்சி அறிவிப்பாளர் இட்சுமி மசதாக்கா செய்தியாளர்களைக் கூட்டித் தனக்குப் புற்றுநோய் என்று சொன்னார். நோயாளியிடமே அதை மறைப்பது அந்நாட்டில் வழக்கமாக இருந்த காலம். அந்த மாதமே 13 மணி நேரம் நீண்ட அறுவைச் சிகிச்சை நடந்தது. டிசம்பர் 25 அன்று, 48 வயதில், இறந்துபோனார். அவருக்கு வந்தது ‘ஸ்கிர்ரஸ்’ எனப்படும் இரைப்பைப் புற்றுநோய்.

இந்த வகை, கட்டியாகத் திரண்டு நிற்பது அரிது. இரைப்பைச் சுவர் முழுக்கத் தடித்து விறைத்துவிடும். எண்டோஸ்கோபியில் உட்பரப்பு ஏறக்குறைய சரியாகவே தெரியும். நோய் அடியில் படர்ந்திருப்பதால், மேலாகக் கிள்ளியெடுத்த பயாப்சியில் சிக்காமல் தப்பிவிடுவதும் உண்டு. 1859இல் இதை விவரித்த ஆங்கில மருத்துவர் வில்லியம் பிரின்டன், நார்த்திசுவில் வந்த அழற்சி என்றே எண்ணினார். புற்று என்று நினைக்கவில்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. சாயமேற்றிய திசுச் சீவலை நுண்ணோக்கியில் வைத்தால் கண்ணை நிறைப்பது இளஞ்சிவப்பு நார்க்கற்றைகள்தான். உட்கரு ஓரத்தில் ஒதுங்கிய, முத்திரை மோதிரம் போன்ற செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். புற்று என்பது அந்தச் சில செல்கள்தான். புற்றென்று தெரிந்த பிறகும் மற்றதெல்லாம் வெறும் நிரப்பல் என்ற எண்ணம் நெடுங்காலம் நீடித்தது. ஃபின்லாந்தின் பெக்கா லாரேன் 1965இல் வகுத்து, இன்றும் புழங்குகிற ‘குடல் வகை, பரவல் வகை’ என்ற பிரிவினைகூடப் புற்றுச் செல்கள் ஒட்டி நிற்கின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா என்பதில்தான் கண்ணாக இருந்தது.

இன்று ஆராய்ச்சிக்கூடங்களில் விசாரிக்கப்படுவது அந்த நாரைச் சுரக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். காயம் பட்டால் ஓடிவந்து கொலாஜன் சுரந்து, ஆறியதும் அடங்கிவிடுபவை இவை. புற்றுக்குள் புகுந்தால் அடங்குவதில்லை. புற்றுக்கட்டி என்பது ஆறாத புண் என்று அமெரிக்காவின் ஹரால்ட் டுவோராக் 1986இல் எழுதினார். ஒசாகா நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்கிர்ரஸ் செல்களையும் இரைப்பை ஃபைப்ரோபிளாஸ்டுகளையும் வளர்த்துப் பார்த்தார்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளால் புற்று பெருகியது. புற்று அனுப்பும் சமிக்ஞைகளால் ஃபைப்ரோபிளாஸ்ட் பெருகியது. நல்ல கொடுக்கல் வாங்கல்! போதாக்குறைக்கு, இறுகிய நாரில் மருந்தும் நோய் எதிர்ப்புச் செல்களும் உள்ளே நுழையத் திணறுகின்றன.

அப்படியானால் ஃபைப்ரோபிளாஸ்டையே ஒழித்துவிட்டால் என்ன? கணையப் புற்றுநோயில் அதைச் செய்து பார்த்தார்கள். 2014இல் எலிகளில் அச்செல்களைக் குறைத்தபோது புற்று இன்னும் மூர்க்கமானது. எலிகள் சீக்கிரமே செத்தன. புற்றுக்குத் துணைபோகிறவையும் அதைக் கட்டிவைக்கிறவையும் ஒரே கூட்டத்தில் கலந்திருக்கின்றன. ‘நாரை அழிக்கும் மருந்து’ என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான்.

உருப்படியான பயன் கிடைத்தது வேறொரு பக்கத்தில். வழக்கமான பெட் ஸ்கேன் சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களைக் காட்டும். மோதிரச் செல்கள் பலநேரம் அவ்வளவு உறிஞ்சாததால் படத்தில் மங்கிவிடும். புற்றுக்குள் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்டுகளின் மேலுள்ள ‘எஃப்ஏபி’ புரதத்தில் ஒட்டும் கதிரியக்க மருந்துகளை ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள். அவற்றைச் செலுத்திப் படமெடுத்தால் அந்த ஃபைப்ரோபிளாஸ்டுகள் இருக்கும் இடம் ஒளிர்கிறது. வயிற்றறைச் சவ்வில் பரவிய சிறு படிவுகள்கூடப் பழைய ஸ்கேனைவிடத் தெளிவாகத் தெரிகின்றன. அறுவைச் சிகிச்சை செய்யலாமா வேண்டாமா என்பதே பெரும்பாலும் அந்தப் படிவுகளைப் பொறுத்தது. ஆனால் ஆறிவரும் அறுவைத் தழும்பும் அழற்சி கண்ட மூட்டும் அதே படத்தில் ஒளிரும் என்பதால், எது புற்று என்பதை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.