மெல்லிய குழாய், நீண்ட ஆயுள்

தண்டுவடம் பழுதானவர்களைச் சிறுநீர்த் தொற்றிலிருந்து காப்பதில் ஆன்டிபயாடிக் மாத்திரையைவிட சோப்பும் தண்ணீரும் கடிகாரமும் அதிகம் உதவுகின்றன. ஆனால் இதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கடினம்.

மரத்திலிருந்து விழுகிறார்கள். கட்டிடச் சாரத்திலிருந்து, கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியிலிருந்து விழுகிறார்கள். இந்தியாவில் தண்டுவடம் நசுங்குவதற்கு முக்கியக் காரணம் இப்படி உயரத்திலிருந்து விழுவதும் சாலை விபத்துகளும்தான். அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சம்பாதிக்கும் வயதில் இருக்கும் ஆண்கள். ஆபரேஷன் முடிந்ததும் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி, "மறுபடி நடப்பாரா?" டாக்டர்களின் கவலையோ வேறு. அவர் இன்னும் எத்தனை வருடம் வாழ்வார் என்பதைக் கால்களைவிட சிறுநீர்ப்பைதான் அதிகம் தீர்மானிக்கிறது.

இது போர்க்களங்கள் கற்றுத்தந்த பாடம். முதல் உலகப் போரில் தண்டுவடத்தில் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் விரைவிலேயே இறந்தார்கள். குண்டு கொல்லாமல் விட்டவர்களைப் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் கொன்றன. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத நரம்பியல் டாக்டரான லுட்விக் குட்மன், 1944 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் இவர்களுக்காகத் தனிப் பிரிவைத் தொடங்கினார். குழாயை நிரந்தரமாகச் சொருகி வைக்காமல், சில மணி நேரத்துக்கு ஒருமுறை கிருமி நீக்கிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வடித்துவிட்டு, குழாயை எடுத்துவிடுவது அவர் முறை. 1966இல் அவரும் ஹான்ஸ் ஃபிராங்கலும் 476 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் தொற்று இல்லாத சிறுநீரோடு வீடு திரும்பியிருந்தார்கள். பாராலிம்பிக் போட்டிகளுக்கு வித்திட்டவரும் இதே குட்மன்தான்.

நரம்பு கெட்டால் சிறுநீர்ப்பை ஏன் கெட வேண்டும்? ஆரோக்கியமான சிறுநீர்ப்பை 400 முதல் 500 மில்லி வரை அழுத்தம் ஏறாமலே நிரம்புகிறது. வெளியேற்றும் நேரம் வந்ததும் பை சுருங்கும். வாயிலை மூடியிருக்கும் சுருக்குத் தசை தளரும். இந்த இரண்டையும் ஒத்திசைய வைப்பது மூளைத் தண்டில் உள்ள ஒரு மையம். அதன் கட்டளை தண்டுவடம் வழியாக இறங்கி வருகிறது. பாதை நடுவில் அறுந்தால், பை சுருங்கும் அதே நேரத்தில் வாயிலும் இறுகிவிடுகிறது. தண்டுவடத்தின் அடிநுனி பழுதானாலோ பை சுருங்குவதே இல்லை. ஊதிப்போய்க் கிடக்கும்.

இரண்டிலும் சிறுநீர் தேங்குகிறது. தேங்கிய நீரில் கிருமிகள் பெருகுகின்றன. அழுத்தம் ஏறினால் சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்கே திரும்புகிறது. தண்டுவடக் குறையோடு பிறந்த குழந்தைகளை ஆராய்ந்த அமெரிக்க டாக்டர் எட்வர்ட் மெக்குவயர், ஓர் அபாயக் கோட்டை 1981இல் சுட்டிக்காட்டினார். பையின் அழுத்தம் 40 சென்டிமீட்டர் நீர்மட்டத்தைத் தாண்டிய பிறகே சிறுநீர் கசிகிறவர்களுக்குச் சிறுநீரகம் கெடும் ஆபத்து அதிகம். பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் பரிசோதனைக்கு இன்றும் இந்த எண் ஒரு வழிகாட்டி.

ஆஸ்பத்திரியில் போட்ட குழாயை அப்படியே விட்டு, பையைக் கட்டி வீட்டுக்கு அனுப்புவது சுலபம். ஆனால் அந்தக் குழாய் கிருமிகளுக்கு ஏணி. அதன் சுவரில் அவை பசை போன்ற படலத்தைப் போர்த்திக்கொண்டு குடியேறுகின்றன. மருந்து அதை எளிதில் ஊடுருவுவதில்லை. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிருமி ஏறுகிறது. ஒரு மாதம் கடந்தால் அநேகமாக எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும்.

திருப்பம் 1972இல் வந்தது. கிருமி நீக்கிய குழாய், கையுறை, நர்ஸ் எல்லாம் ஆஸ்பத்திரியில் சாத்தியம். வீட்டில்? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லாபிடஸ், அன்றைய டாக்டர்கள் முகம் சுளிக்கும் விஷயத்தைச் சொன்னார்: கிருமி நீக்கம் தேவையில்லை, சுத்தம் போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நோயாளி தானே குழாயைச் செலுத்திக்கொள்ளலாம். அவர் வாதம் எளிமையானது. பை அளவுக்கு மீறி விரியும்போது அதன் சுவருக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. எதிர்ப்புச் சக்தி போகிறது. குழாயோடு உள்ளே போகும் சில கிருமிகளைவிட நிரம்பி வழியும் பைதான் பெரிய எதிரி. நேரம் தவறாமல் காலி செய்தால் உடல் கிருமிகளைத் தானே சமாளிக்கும். இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் முறை இதுதான்: நாளைக்கு நான்கு முதல் ஆறு முறை, ஒரு தடவைக்கு 500 மில்லியைத் தாண்டாமல்.

இந்தியாவில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் தானே சக்கர நாற்காலியில் இருந்தவர். 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். நியூயார்க்கில் பயிற்சி பெற்றுத் திரும்பிய பின், 1966இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமானார். டெல்லியில் உள்ள இந்தியத் தண்டுவட சிகிச்சை மையத்தை நிறுவிய மேஜர் அலுவாலியாவும் 1965இல் எவரெஸ்ட் ஏறி, அதே ஆண்டு குண்டடி பட்டு நடக்க முடியாமல் போனவர்.

இத்தகைய மையங்களில் கற்றது வீட்டில் நீடிப்பதில்தான் சிக்கல். கழிப்பறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையாது. கை விரல்களும் செயலிழந்தவருக்கு மனைவியோ தாயோதான் குழாய் போட வேண்டும். ரயில் பயணம், கல்யாண வீடு, வேலைக்குப் போகும் இடம் எல்லாமே தடைகள். பெண்களுக்கு இன்னும் கஷ்டம். அதனால் பலர் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள்; அது கல்லையும் தொற்றையும் வரவேற்பது. புதுக் குழாய்க்குச் செலவாகும் என்பதால் ஒரே குழாயைக் கழுவிப் பலமுறை பயன்படுத்துவதும் சகஜம். இதனால் தொற்று கூடுகிறதா என்பதில் நிபுணர்களிடையே சர்ச்சை ஓயவில்லை. ஆனால் கழுவாத கையும் தள்ளிப்போடும் வழக்கமும் ஆபத்து என்பதில் சர்ச்சை இல்லை.

அடுத்த தவறு மருந்தில். குழாய் பயன்படுத்துபவரின் சிறுநீரைக் கல்ச்சர் செய்தால் பெரும்பாலும் கிருமி தெரியும். உடனே ஆன்டிபயாடிக் எழுதப்படுகிறது. தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டால் கல்ச்சரும் வேண்டாம், சிகிச்சையும் வேண்டாம் என்று அமெரிக்கத் தொற்றுநோய் நிபுணர்கள் சங்கம் 2019இல் தெளிவாகச் சொன்னது. முதியவர் திடீரெனக் குழம்பிப் பேசினாலும், காய்ச்சலோ சிறுநீர்க் கோளாறோ இல்லாதபோது வேறு காரணத்தைத் தேடச் சொல்கிறது அதே வழிகாட்டுதல்.

பிரச்சினை என்னவென்றால், இவர்களுக்கு எரிச்சலோ வலியோ தெரியாது. காய்ச்சல், குளிர், கால்கள் வழக்கத்தைவிட அதிகமாக விறைத்துத் துடிப்பது, புதிதாகக் கசிவு ஆகியவைதான் எச்சரிக்கை மணிகள். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயாளிக்குத் தொற்று வந்தால் பழைய பலவீனம் திரும்பி, நோயே முற்றிவிட்டதுபோல் ஏமாற்றும். மார்பின் மேல்பகுதியிலோ கழுத்திலோ அடிபட்டவருக்கு இன்னோர் ஆபத்து: மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை, சரசரவென ஏறும் ரத்த அழுத்தம். காரணம் பெரும்பாலும் நிரம்பிய பையோ மடங்கிய குழாயோதான். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, பையைக் காலி செய்ய வேண்டும். தாமதித்தால் மூளையில் ரத்தக் கசிவு ஏற்படலாம்.

தினமும் ஒரு மாத்திரை போட்டுத் தொற்றை முன்கூட்டியே தடுக்க முடியாதா? முடியும், விலை கொடுத்தால். பிரிட்டனில் தாங்களே குழாய் போட்டுக்கொள்ளும் 404 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. ஆன்டிபயாடிக் தொற்றை 48 சதவீதம் குறைத்தது. ஆனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் அதிகரித்தன. அந்த விலை என்ன என்பதை இந்தியா அறியும். 2008 ஜனவரியில் சுவீடனில் ஒரு நோயாளியின் சிறுநீரில், கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்குகளையும் முறியடிக்கும் கிருமி சிக்கியது. நீரிழிவும் பக்கவாதமும் கண்டிருந்த அவர் சில வாரங்கள் முன்பு டெல்லியில் சிகிச்சை பெற்றவர். கிருமியின் நொதிக்கு 'நியூ டெல்லி' என்று பெயர் சூட்டப்பட்டது. 2010இல் இந்தியாவில் எழுந்த எதிர்ப்பையும் மீறி அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

மாற்று வழிகளில் சில ஏமாற்றின. ஆஸ்திரேலியாவில் 305 பேரிடம் நடந்த ஆய்வில் கிரான்பெர்ரி மாத்திரை பயன் தரவில்லை என்று 2007இல் தெரிந்தது. முள்ளை முள்ளால் எடுக்கும் முயற்சி ஒன்று நம்பிக்கை தந்தது. ஒரு சிறுமியின் சிறுநீரில் மூன்று வருடம் எந்தத் தொல்லையும் தராமல் வாழ்ந்த ஈ.கோலை வகையை நோயாளிகளின் பையில் வேண்டுமென்றே குடியேற்றினார்கள். ஹூஸ்டனில் ரபி தருயிஷ் குழு 2005இல் 27 பேரிடம் செய்து பார்த்ததில், சாதுவான கிருமி நிலைத்த இடத்தில் தொற்று குறைந்தது. ஆனால் பலருடைய பையில் அது நிலைக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி தண்டுவடப் பாதிப்போடு வாழ்பவர்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். இவர்களுக்குத் தேவையானது புதிய மருந்து மட்டுமல்ல. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் நோயாளிக்கும் வீட்டில் ஒருவருக்கும் குழாய் போடக் கற்றுத்தர வேண்டும். தொல்லை இல்லாவிட்டாலும் சிறுநீரகத்தை ஸ்கேன் செய்து ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறும் பைக்கு மாத்திரையும், பலிக்காவிட்டால் போடாக்ஸ் ஊசியும் உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போடும் முன் குடும்பம் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி ஒன்று இருக்கிறது: "இந்தக் குழாயை எப்போது எடுப்பீர்கள், எங்களுக்கு யார் கற்றுத்தருவார்கள்?"