உங்களுக்குத் தெரியுமா? ஒரே ஜூனில் முடிந்த ஹேண்ட்பால் கோப்பை

துடியலூர்ப் பக்கம் கபடி, வாலிபால் என்றால் கூட்டம் கூடும்; ஹேண்ட்பால் என்றால் "அது எப்படிங்க ஆடுறது?" என்பார்கள். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமுள்ள களம். கோல்கீப்பரோடு சேர்த்து அணிக்கு ஏழு பேர், மொத்தம் 60 நிமிட ஆட்டம். கோலுக்கு முன் 6 மீட்டர் கோட்டுக்குள் கோல்கீப்பரைத் தவிர யாரும் காலூன்றக் கூடாது. அதனால்தான் வெளியிலிருந்து எம்பிப் பாய்ந்து, அந்தரத்திலேயே பந்தை வீசுகிறார்கள். பார்க்க வேண்டிய காட்சி அதுதான்!

இந்த ஆட்டத்துக்கென இந்தியாவில் பிரீமியர் ஹேண்ட்பால் லீக் 2023 ஜூனில் ஜெய்ப்பூரில் தொடங்கியது. ஆறு அணிகள். லீக் சுற்று முடிந்து, தோற்றால் வெளியே என்ற அரையிறுதி. அதே மாதம் நடந்த இறுதிப் போட்டியில் கோல்டன் ஈகிள்ஸ் உத்தரப் பிரதேசத்தை வீழ்த்தி மகாராஷ்டிரா அயர்ன்மென் முதல் கோப்பையை வென்றது. தெலுங்கு டாலன்ஸ் என்று தென்னிந்தியாவிலிருந்து ஓர் அணி இருந்தது, தமிழ்நாட்டுக்கு இல்லை.