ஸ்ப்ராக்கெட் மாற்றப் போகிறீர்களா? முதலில் நீங்கள் ஓடும் சாலையைப் பாருங்கள்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு அரிது. தோட்ட வேலைக்கும், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விடுவதற்கும், பட்டணத்துத் தொழிற்சாலைக்கு ஷிஃப்ட் போவதற்கும் அதுதான் கைகொடுக்கிறது. அந்த வண்டியில் நம் இளைஞர்கள் முதலில் கைவைக்கும் பாகங்களில் ஒன்று ஸ்ப்ராக்கெட். ‘டாப் ஸ்பீட் கூடும்’ என்று நண்பர் சொன்னதைக் கேட்டு மாற்றுகிறார்கள். சில நாள்களில் ‘வண்டி இழுக்கவில்லை’ என்று பட்டறைக்கே திரும்புகிறார்கள். ஏன் இப்படி?

கணக்கு எளிதுதான். பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்களை முன் ஸ்ப்ராக்கெட்டின் பற்களால் வகுத்தால் வருவதே கடைசி கியர் விகிதம். முன்னே 14, பின்னே 42 என்றால் விகிதம் 3. அதாவது, முன் ஸ்ப்ராக்கெட் மூன்று முறை சுற்றினால் பின் சக்கரம் ஒரு முறை சுற்றும்.

முன்னே 15 போட்டால் விகிதம் 2.8 ஆகக் குறையும். அதே வேகத்துக்கு இன்ஜின் குறைவாகச் சுற்றும். ஆனால் இழுவையும் குறையும். முன்னே 13 போட்டால் விகிதம் 3.23. இழுவை கூடும், ஆனால் இன்ஜின் அதிகமாகக் கத்தும். 14 பல்லில் மணிக்கு 90 கிலோமீட்டர் ஓடும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 பல்லில் அது ஏறக்குறைய 6,530 ஆகும். 13 பல்லில் 7,540 ஆகும்.

முன்னே ஒரு பல் மாற்றுவது பின்னே மூன்று பல் மாற்றுவதற்குச் சமம் என்பதையும் மறக்க வேண்டாம். ‘ஒரே ஒரு பல்தானே’ என்பது தவறான எண்ணம்.

ஸ்ப்ராக்கெட் இன்ஜினுக்குப் புதிய சக்தி எதையும் தருவதில்லை. இருக்கும் சக்தியை வேகமாகவோ இழுவையாகவோ மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். அதனால்தான் சிறிய இன்ஜினில் விகிதத்தை மிகவும் குறைத்தால், கடைசி கியரில் எதிர்காற்றைத் தள்ள முடியாமல் வண்டி முன்பைவிட மெதுவாகவே ஓடும்.

பந்தயத் தடத்தில் கதை வேறு. 1999இல் திறக்கப்பட்ட சிப்பாங் தடம் 5.543 கிலோமீட்டர் நீளம். 15 வளைவுகள், இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள். நேர்ப்பாதையின் முடிவில், கடைசி கியரில், இன்ஜின் முழுச் சக்தி தரும் சுற்றை எட்ட வேண்டும். அதற்கேற்ப விகிதத்தைத் தேர்வு செய்வார்கள். வளைவு மிகுந்த சிறிய தடம் என்றால் பின்னே பெரிய ஸ்ப்ராக்கெட் ஏறும். அங்கே பின்னால் ஆள் இல்லை, எதிரே லோரி இல்லை, எண்ணெய்ச் செலவும் கணக்கில்லை.

நம் சாலைகள் அப்படியல்ல. கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங் வழியாகச் சபாக் பெர்னாம் செல்லும் 5ஆம் எண் கூட்டரசு சாலை சமதளமானது. தினமும் தனியாக அதில் நெடுந்தூரம் ஓடுபவருக்கு ஒரு பல் கூடுதலான முன் ஸ்ப்ராக்கெட் பொருந்தக்கூடும். ஆனால் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, செம்பனை லோரியை முந்தும்போது இழுவை இல்லையென்றால் அங்கேதான் ஆபத்து. முந்த எடுக்கும் நேரம் நீளும். எதிரே வரும் வாகனம் நெருங்கிவிடும்.

தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடுபவருக்கு வேகம் தேவையில்லை. 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் உருவான பெஸ்தாரி ஜெயாவின் தென்னமரம் பக்கமானாலும், ஈஜோக் பக்கமானாலும், மழைக்குப் பிந்திய சேற்றில் சுமையோடு போக இழுவைதான் வேண்டும். அவர்கள் கம்பெனி போட்ட அளவிலேயே இருப்பதோ, முன்னே ஒரு பல் குறைப்பதோ நல்லது.

மாற்றுவது என்று முடிவெடுத்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். தேய்ந்த பழைய செயினைப் புது ஸ்ப்ராக்கெட்டில் மாட்டினால் இரண்டும் விரைவில் கெடும். மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பின்னே பற்கள் கூடினால் செயின் நீளம் போதுமா என்று பாருங்கள். மாற்றிய பிறகு செயின் தொய்வைக் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்யுங்கள். முன் சக்கரத்திலிருந்து கேபிள் வழி இயங்கும் வேகமானியில் மாற்றம் இருக்காது. கியர் பெட்டியிலிருந்து அளவெடுக்கும் வண்டியில் வேகமானி தவறாகக் காட்டும். முன்னே பல் கூட்டியிருந்தால், மீட்டர் காட்டுவதைவிட நீங்கள் வேகமாகவே ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

பெரும்பாலோருக்குக் கம்பெனி போட்டுத் தந்த அளவே போதும். பல்லை எண்ணுவதற்கு முன், ஒரு வாரம் எந்தச் சாலையில், யாரை ஏற்றிக்கொண்டு, என்ன சுமையோடு ஓடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். வேகத்தைச் சோதிக்க ஆசையா? அதற்குத் தடம் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் சாலை அதற்கான இடமல்ல.